சுழியன் வயிற்றில் என்ன இருந்தது?

திங்கட்கிழமை காலையில் ஐந்து குட்டிகள் எழுந்து நின்றன. சுழியன் மட்டும் எழவில்லை.

தரணி பட்டிக் கதவைப் பிடித்தபடி கூப்பிட்டாள். "சுழியா... சுழியா..."

மற்ற நாளாக இருந்தால் இந்தக் குரலுக்கு அவன்தான் முதலில் ஓடிவருவான். நெற்றியில் சுழி இருந்ததால் அந்தப் பெயர். வைத்தவன் தரணியின் தம்பி ரித்தீஷ். வயது எட்டுதான். ஆனால் குட்டிகளுக்குப் பெயர் வைக்கும் வேலையை அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான்.

அப்பா செல்வக்குமார் குனிந்து உள்ளே போனார். சுழியனின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒரு காதைத் தூக்கினார். விட்டதும் காது அப்படியே விழுந்தது.

"போயிருச்சு சாமி," என்றார்.

"எங்கீங்கப்பா?" என்று கேட்ட ரித்தீஷ், கேட்டபிறகுதான் புரிந்துகொண்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

சுழியனின் வயிறு உப்பிக் கிடந்தது. கால்கள் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. கழுத்தில் சிவப்புத் துணி நாடா. தரணி கட்டியது.

சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டுப் பழனாயி பெரியம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டினார். அவரும் ஆடு வளர்ப்பவர்.

"வயித்தப் பாரு, பான மாதிரி! என்னமோ ஆகாதது உள்ள போயிருக்குது. ஏங் கண்ணு, அந்தச் சாம்பல் பொடிய இன்னும் போட்டுட்டுத்தான் இருக்கியா?"

தரணிக்கும் அதே பயம்தான்.

அந்தப் பொடி வீட்டுக்கு வந்து இருபத்து நான்கு நாளாகியிருந்தது.

பெருமாநல்லூருக்கு வடக்கே, அவர்கள் வீட்டை ஒட்டி ஒரு மேய்ச்சல் காடு இருந்தது. சுற்றிலும் கிளுவை முள்செடி வேலி. உள்ளே ஆடுகள் தாமாகவே மேய்ந்துகொள்ளும். போன ஆண்டு அந்தக் காட்டை அதன் சொந்தக்காரர் ஒரு பனியன் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். இப்போது அங்கே தகரக் கூரை போட்ட கிடங்கு நிற்கிறது. ஆடுகள் பட்டியிலேயே அடைந்து கிடந்தன. காலையும் மாலையும் சோளத்தட்டு என்கிற காய்ந்த சோளத்தாள். வேறு எதுவும் இல்லை.

இந்த முறை பிறந்த ஆறு குட்டிகளும் சரியாக வளரவில்லை. சுவரை நக்கின. ஒன்றின் ரோமத்தை இன்னொன்று மென்றது. மார்கழிக்கு முன்னால் ஊரில் கால்நடை மருத்துவ முகாம் நடந்தபோது, தரணி வரிசையில் நின்று அதைச் சொன்னாள்.

"சுவர நக்குதா?" என்று டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். இளவயதுப் பெண். "அப்படின்னா அதுங்களுக்கு என்னமோ பத்தலைன்னு அர்த்தம். குட்டி பொறக்கறப்ப பால் செரிக்கற வயிறுதான் வேலை செய்யும். புல்லும் தட்டும் செரிக்கற பெரிய வயிறு இத்தனூண்டுதான் இருக்கும். அது ரெண்டு மூணு மாசத்துல வளந்தாகணும். சோளத்தட்டு மட்டும் தின்னா எப்படி வளரும்?"

ஒரு கிலோ பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். மேலே 'தாது உப்புக் கலவை, செம்மறி ஆடுகளுக்கு' என்று அச்சாகியிருந்தது.

"ஒரு குட்டிக்கு ஒரு நாளைக்கு அஞ்சு கிராம். பாசம்னு அள்ளிப் போட்டுராத. கூடிப்போனா ஆட்டுக்கு ஆகாது."

கடைசி வரியைத் தரணி நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

ஆறு குட்டிக்கும் போட்டால் பொட்டலம் ஒரு மாதம்தான் வரும். அடுத்த முகாமோ இரண்டு மாதம் கழித்து. மூன்று குட்டிக்கு மட்டும் போட்டால் அதுவரை வரும்.

இன்னொரு காரணமும் இருந்தது. மாலை வகுப்பு எடுக்கும் கலைமகள் அக்கா இரண்டு தொட்டியில் அவரை விதை போட்டு, ஒன்றை வெயிலிலும் மற்றதை இருட்டிலும் வைத்துக் காட்டியிருந்தார். "ஒண்ணே ஒண்ணுதான் மாறணும். மத்ததெல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். அப்பத்தான் எது எதனாலன்னு தெரியும்."

தரணி சீட்டுக் குலுக்கினாள். ரித்தீஷ் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தான். பொடி தின்னும் மூன்றுக்கும் நீல நாடா. தின்னாத மூன்றுக்கும் சிவப்பு. சிவப்பில் வந்தவை சுழியன், நெட்டக்காலி, குண்டுமணி.

ஒவ்வொரு ஞாயிறும் எடை பார்த்தார்கள். மரக்கிளையில் கொக்கித் தராசைத் தொங்கவிட்டு, குட்டியை அரிசிப் பைக்குள் இறக்கித் தூக்குவார்கள். நான்கு காலும் பைக்குள், தலை மட்டும் வெளியே.

"அரிசி மூட்டை கத்துதுடோய்!" என்று ரித்தீஷ் ஒவ்வொரு முறையும் சொல்லுவான். ஒவ்வொரு முறையும் அவனே சிரித்துக்கொள்வான்.

மூன்றாம் ஞாயிறு நீல நாடாக் குட்டிகள் இரண்டு கிலோ ஏறியிருந்தன. சிவப்பு ஒரு கிலோகூட ஏறவில்லை. தரணி எழுதினாள்: 'சிவப்புக் குட்டிகளுக்கு வயிறு பெரிது. தொடை சிறிது. ஏன் என்று தெரியவில்லை.'

போன வியாழக்கிழமை வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

பொடி வைக்கும்போது சிவப்புக் குட்டிகள் வராமல் நடுவில் ஒரு பலகையை வைத்துக் கட்டுவாள். வியாழக்கிழமை மாலை வகுப்புக்கு நேரமாகிவிட்டது. மூன்று குட்டிக்கான பொடியையும் ஒரே தட்டில் கொட்டி வைத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்து பார்த்தால் பலகை சாய்ந்து கிடந்தது. ஆறு குட்டிகளும் தட்டைச் சுற்றி நின்றன. தட்டு கழுவியதுபோல் இருந்தது.

பலகையைக் கட்டினேனா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. மூன்று பங்கையும் ஒரே குட்டி நக்கியிருந்தால்?

அவள் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எழுதும் அவள், அன்றைய பக்கத்தில் அதை மட்டும் எழுதவில்லை.

இப்போது சுழியன் கிடக்கிறான்.

அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தார். "வெயில் ஏறறதுக்குள்ள பொதச்சரலாம். அந்தப் பொடியக் கொண்டுபோய் குப்பையில கொட்டு கண்ணு. நீ நல்லதுன்னுதான் பண்ணுன. விடு."

அப்பா திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று தரணிக்கு இருந்தது.

அப்போதுதான் அவள் நெட்டக்காலியைப் பார்த்தாள். மற்ற குட்டிகள் தாய்களை முட்டிக்கொண்டிருந்தன. நெட்டக்காலி மட்டும் மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. வாய் அசையவில்லை. இடது பக்கம் வயிறு புடைத்திருந்தது.

"அப்பா! நெட்டக்காலி அசை போடலீங்க. இதுக்கும் அதே மாதிரி இருக்குதுங்க."

அப்பா திரும்பி வந்தார். குட்டியின் வயிற்றில் விரலை வைத்து அழுத்தினார். முகம் மாறியது. "வண்டிய எடுக்கறேன். ஆஸ்பத்திரிக்குப் போயரலாம்."

"சுழியனையும் கொண்டு போலாம்ங்கப்பா."

"செத்தத எதுக்குக் கண்ணு?"

"வயித்த அறுத்துப் பாக்கச் சொல்லலாம்ங்க. அவனுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சாத்தான நெட்டக்காலிக்கு மருந்து தெரியும்?"

"அதெல்லாம் சின்னப்புள்ளைங்க பாக்கற காரியமா? வேண்டாம்."

அதன்பிறகுதான் தரணி சொன்னாள். வியாழக்கிழமை, பலகை, தட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"நான் கொன்னுருந்தா, அது எனக்குத் தெரியணும்ங்கப்பா. தெரியாமப் பொதச்சுட்டா நான் தினமும் அதையே நெனச்சுட்டு இருப்பேனுங்க."

பழனாயி பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார்.

"சாக்க எடுத்துட்டு வா," என்றார்.

மொபெட்டின் முன்பலகையில் சுழியனைச் சுற்றிய சாக்கு. அதன் மேல் கால் படாமல் ரித்தீஷ் குறுக்கி நின்றுகொண்டான். பின்னால் தரணி, மடியில் நெட்டக்காலியுடன். கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவர்களைத் தாண்டிப் போயின.

"மெதுவாப் போங்கப்பா," என்றான் ரித்தீஷ். "வேகத்தடையில ஏத்துனா சுழியனுக்கு இடிக்கும்."

அப்பா வேகத்தைக் குறைத்தார்.

கால்நடை ஆஸ்பத்திரியில் முகாமுக்கு வந்த அதே டாக்டர் இருந்தார். தரணி சொல்வதை முழுதாகக் கேட்டார். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, பின்பக்க வேப்ப மரத்தடியில் இருந்த சிமெண்டு மேடைக்கு நடந்தார்.

"குழந்தைங்க அந்தப் பக்கம் போங்க."

ரித்தீஷ் நெட்டக்காலியைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனான். தரணி போகவில்லை. டாக்டர் அவளை ஒரு முறை பார்த்தார். மறுபடி போகச் சொல்லவில்லை.

கத்தி இறங்கியபோது தரணி கண்ணை மூடிக்கொண்டாள். வாடை வந்தது. பிறகு ஏதோ ஈரமாக இழுபடும் சத்தம்.

"இங்க பாரும்மா."

டாக்டர் கையில் உருண்டையாக ஏதோ இருந்தது. இரண்டு கை சேர்த்துப் பிடித்தால்தான் அடங்கும். பச்சையும் பழுப்புமாக, கயிறு முறுக்கியதுபோல் இருந்தது. அதை வாளித் தண்ணீரில் போட்டு அலசினார். மெல்ல மெல்ல அது பிரிந்தது. நூல். நூலோடு சிக்கிய துண்டுகள். வெள்ளைத் துண்டுகள்.

மரத்துக்குப் பின்னால் இருந்து ரித்தீஷின் தலை எட்டிப் பார்த்தது. "அது பனியன் துணிங்க! அந்த நீளமா இருக்கறது கழுத்துல வெச்சுத் தைக்கற காலர் ரிப்பு!"

திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அப்ப... பொடிங்க?" என்று தரணி கேட்டாள்.

"பொடி இந்த வேலை செய்யாது. ஒரு நாள் கொஞ்சம் கூட நக்கியிருந்தாலும் இப்படி ஆகாது. இது பல நாளாத் தின்ன துணி. வயித்துக்குள்ள திரண்டு, வழிய அடைச்சிருச்சு."

நான் இல்லை.

நான்கு நாளாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. தரணி ஒரு முறை மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் அடுத்த நினைப்பு வந்துவிட்டது.

துணி எப்படி வந்தது?

அவளுக்குத் தெரியும். அம்மா சித்ரகலா ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை பார்க்கிறார். மார்கழிக் குளிர் தொடங்கியதிலிருந்து, வாரம் இரண்டு முறை ஒரு சாக்கு கட்டிங் வேஸ்ட், வெட்டி மிஞ்சிய துணித்துண்டுகள், கொண்டுவந்து பட்டியில் மெத்தைபோல் பரப்புவார். 'பஞ்சாட்டம் இருக்குது பாரு, குட்டிகளுக்குக் குளுராது' என்பார்.

சற்றுமுன் நிம்மதியாக மூச்சு விட்டதை நினைத்துத் தரணிக்கு வெட்கமாக இருந்தது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டியில துணி யாரு போட்டது?" என்று டாக்டர் கேட்டார்.

"குளுருதுன்னு போட்டோம்ங்க," என்றார் அப்பா. "நாங்கதான்."

நெட்டக்காலியின் வயிற்றிலும் கைக்குக் கட்டியாகத் தட்டுப்பட்டது. அறுத்து எடுப்பதைத் தவிர வழி இல்லை.

"சின்னக் குட்டி. பொழைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். பண்ணலைன்னா ரெண்டு நாள்கூடத் தாங்காது."

"பண்ணுங்க," என்றார் அப்பா.

தலையைப் பிடித்துக்கொள்ளும் வேலை தரணிக்கு. இடது பக்க ரோமத்தை மழித்து, மரத்துப்போக ஊசி போட்டார்கள். நெட்டக்காலி நடுங்கியது. அதன் கண்ணைத் தன் கையால் மறைத்துக்கொண்டு, தரணி காதோரம் பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரியாது.

துணி வரத் தொடங்கியது. ரித்தீஷ் எட்ட நின்று கணக்குச் சொன்னான். "காலரு ஒண்ணு... இது கை... இதும் கை..."

"எத்தனை பீஸ்டா தம்பி?" என்றார் டாக்டர், நிமிராமலே.

"டி-சர்ட்டுக்குப் பத்தாதுங்க. முண்டா பனியனுக்குப் பத்தும்ங்க."

டாக்டர் மூக்கால் சிரித்துவிட்டார். அப்பாவின் உதடுகூட ஒரு நொடி அசைந்தது.

தையல் போட்டு முடித்தபோது குட்டிக்கு மூச்சு இருந்தது. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

தரணி கை கழுவிவிட்டு நோட்டை எடுத்தாள். "டாக்டர், ஆறும் ஒரே துணி மேலதாங்க படுத்துச்சு. செத்தது சிவப்பு. இதும் சிவப்பு. நீலம் மூணுக்கும் ஒண்ணும் ஆகலீங்க."

டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். எடைகளைப் பார்த்தார். 'வயிறு பெரிது, தொடை சிறிது' என்ற இடத்தில் விரல் நின்றது.

"உடம்புக்குப் பத்தாததத் தேடித்தான் இதுங்க கண்டதையும் மெல்லும். பொடி தின்னதுக்கு அந்தத் தேட்டம் இல்லாமப் போயிருக்கலாம். ஆறு குட்டிய மட்டும் வெச்சு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு அப்படித்தான் தோணுது."

அலமாரியில் இருந்து இன்னும் இரண்டு பொடிப் பொட்டலமும் ஒரு பாட்டில் எண்ணெயும் எடுத்துக் கொடுத்தார். "வீட்டுல இருக்கற மூணாவது சிவப்புக் குட்டிக்கு இந்த எண்ணெயக் குடு. புழுக்கையப் பாத்துட்டே இரு. நூல் வந்துச்சுன்னா நல்லது."

"புழுக்கைய நான் பாக்கறனுங்க!" என்றான் ரித்தீஷ்.

மதியம் அப்பா பின்கட்டில் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி, சுழியனைப் புதைத்தார். தரணியும் ரித்தீஷும் பட்டியில் இருந்த துணி முழுவதையும் கைகளால் வாரி வெளியே போட்டார்கள். ஒவ்வொரு துண்டின் ஓரமும் மென்று மென்று பிசிறாகியிருந்தது. இத்தனை நாளும் அது கண்ணில் படவே இல்லை. எடை பார்த்த அவள் இதைப் பார்க்கவில்லை.

கடைசியில் குட்டிகளின் கழுத்து நாடாக்களையும் அவிழ்த்தாள். அதுவும் துணிதானே.

கம்பெனியில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால், காலையில் முன்னமே வேலைக்குப் போய்விட்ட அம்மாவுக்கு எதுவும் தெரியாது. என்ன சொல்வது? தரணி பட்டிச் சுவரில் உட்கார்ந்து யோசித்தாள். 'சீக்கு வந்து செத்துப்போச்சு' என்று சொல்லிவிடலாம். ஒரே வரி. அப்பாவும் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் நாளை மறுநாள் அம்மா மறுபடி துணி கொண்டுவருவாரே? வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்பாரே?

பொழுது சாயும் நேரத்தில் வேன் வந்து நின்றது. அம்மா இறங்கினார். இடுப்பில் ஒரு சாக்கு.

"தரணி, வந்து புடி கண்ணு. இன்னைக்கு பூரா வெள்ளத் துணிதான். சாயத் துணிய நக்குனா குட்டிக்கு ஆகாதல்ல? மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல உக்காந்து, வெள்ளையாப் பாத்துப் பாத்துப் பொறுக்குனேன்."

தரணி சாக்கை வாங்கிக் கீழே வைத்தாள். யோசித்து வைத்த எல்லா வரியும் மறந்துபோனது.

"அம்மா, சுழியன் செத்துட்டானுங்க."

"ஐயோ! எப்ப? என்ன ஆச்சு?"

"டாக்டரம்மா அறுத்துப் பாத்தாங்க. வயித்துல துணி இருந்துச்சுங்க."

அம்மாவின் பார்வை கீழே இருந்த சாக்குக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"நான் போட்டதா?"

"ஆமாங்கம்மா."

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தரணியும் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

"இதப் பாருங்கம்மா. ஆறு குட்டியும் நீங்க போட்ட துணி மேலதான் படுத்துச்சு. நீல நாடா மூணுக்கும் ஒண்ணும் ஆகல. துணி தின்ன ரெண்டுமே நான் பொடி குடுக்காத மூணுல இருந்ததுங்க. பொட்டலம் பத்தாதுன்னு நான்தான் சீட்டுக் குலுக்கி அந்த மூணையும் விட்டேன். ஆஸ்பத்திரியில போய்க் கேட்டுருந்தா இன்னொண்ணு குடுத்துருப்பாங்க. நான் கேக்கவே இல்லீங்க. நீங்க போட்டதும், நான் போடாம விட்டதும், ரெண்டும் சேந்துதானுங்கம்மா."

"சீட்டு எடுத்தது நானுங்க," என்று ரித்தீஷ் அழ ஆரம்பித்தான். அதுவரை அவன் அழவே இல்லை.

அம்மா அவனை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். கண்ணைத் துடைத்தார். நோட்டை ஒவ்வொரு வரியாகப் படித்தார். "பாத்துப் பாத்துப் பொறுக்குனேனே," என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். இரண்டாவது முறையும் சொன்னார்.

நோட்டை மூடிவிட்டு, "நெட்டக்காலி?" என்று கேட்டார்.

"மூச்சு இருக்குதுங்க. தைச்சு விட்டுருக்காங்க."

"இன்னைக்குக் குளுருக்கு அதுக்குக் கீழ என்னத்தப் போடறது? வெறுஞ் சிமெண்டுத் தரையில படுக்குமா, தையலோட?"

தரணியும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். சாக்குப் போட்டால் சாக்கையும் மெல்லும். மணல் சில்லிடும். மெல்லவே விடாமல் தடுக்க முடியுமா? முடியாது. குட்டி என்றால் மெல்லத்தான் செய்யும்.

"தின்னாலும் பரவால்லாத எதையாவது போடலாம்ங்கம்மா."

சொன்னபிறகுதான் அவளுக்கே அது எது என்று தெரிந்தது. எழுந்து வேலிப்பக்கம் ஓடினாள். பழனாயி பெரியம்மா வீட்டில் ஆட்டுத் தீனிக்காகக் காய்ந்த கடலைக்கொடியைப் போராகக் குவித்திருந்தார்கள்.

"பெரியம்மா, ரெண்டு கட்டு கடலக்கொடி வேணும்ங்க."

"எதுக்குக் கண்ணு? பொடியக் கொட்டியாச்சா?"

"பொடி இல்லீங்க பெரியம்மா. பனியன் துணிங்க. சுழியன் வயித்துக்குள்ள இத்தன பெரிய உருண்ட." கைகளை விரித்துக் காட்டினாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "உங்க பட்டியிலயும் துணி போட்டுருக்கீங்கல்ல?"

பழனாயி பெரியம்மாவின் பட்டியில் ஒன்பது குட்டிகள். தெருவில் பாதி வீட்டில் இதே துணிதான். அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பட்டிப்பக்கம் விறுவிறுவென்று நடந்தார். பாதி வழியில் திரும்பிக் கத்தினார்.

"போர்ல வேணுங்கறத உருவிக்க! எனக்கும் நாலு கட்டு உருவிப் போடு. காலையில பொடியச் சொல்லிப் பேசுனதுக்கு மனசுல ஒண்ணும் வெச்சுக்காத!"

அம்மா வேலைச் சேலையைக்கூட மாற்றாமல் கடலைக்கொடியை உதறி உதறிப் பரப்பினார். அப்பா நெட்டக்காலியைத் தூக்கிவந்து தையல் படாத பக்கமாகப் படுக்கவைத்தார். அது கழுத்தை நீட்டி அப்படியே கிடந்தது. உயிர் இருப்பது வயிற்றின் அசைவில்தான் தெரிந்தது.

தரணி வியாழக்கிழமைப் பக்கத்தைத் திருப்பி, விட்டுப்போன வரியை எழுதினாள். பிறகு அன்றைய பக்கத்தில் சுழியன் என்று எழுதி, எடைக்கு இருந்த இடத்தைக் காலியாக விட்டாள்.

செவ்வாய்க்கிழமை நெட்டக்காலி எழவில்லை. புதன்கிழமை முன்னங்காலை ஊன்றிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தது. அன்று மாலை ரித்தீஷ் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டு வந்தான். "நூலு வந்துருச்சு! குண்டுமணிக்கு நூலு வந்துருச்சு! ஒரு சாண் நீளம்!" யாரும் கேட்காமலே குச்சியால் எடுத்தும் காட்டினான்.

தரணி ஐந்து குட்டிக்கும் பொடி வைத்தாள். தினமும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தட்டு. ஒவ்வொன்றும் தின்று முடிக்கும்வரை அங்கேயே நின்றாள். அதனால் இரண்டு நாள் வகுப்புக்குத் தாமதமானது. கலைமகள் அக்கா காரணம் கேட்டார். தெரிந்ததும் திட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தரணி எழுந்து வந்தபோது, அம்மா சாப்பாட்டுப் பையோடு பட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார். ரோட்டில் வேன் ஹார்ன் அடித்தது. அம்மா திரும்பவே இல்லை.

"ஏங் கண்ணு," என்றார், "படுக்கையில பாதியக் காணோம்?"

தரணி எட்டிப் பார்த்தாள். கடலைக்கொடி ஒரு பக்கம் அப்படியே இருந்தது. மறுபக்கம் தரை தெரிந்தது. நடுவில், நான்கு காலும் நடுங்க நடுங்க, நெட்டக்காலி நின்றுகொண்டிருந்தது. வாயோரத்தில் ஒரு கடலை இலை. தாடை இடமும் வலமுமாக மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அசை போடுகிறது!

வேன் மறுபடி ஹார்ன் அடித்தது.

"தின்னட்டும்ங்கம்மா," என்றாள் தரணி. "பெரியம்மா போர்ல இன்னும் நெறையா இருக்குதுங்க."